சூழலா, சேர்க்கையா? குற்றம் பற்றிய சமூகவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஹட்டனில் வெளிவாரிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்குச் சமூகவியல் கற்பிக்கிறேன். குற்றம் பற்றிய பாடம் வரும் நாளில் மட்டும் வகுப்பு நேரத்துக்கு முடிவதில்லை. என் மாணவர்களில் பலர் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள். சிலர் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பநல உத்தியோகத்தர்கள். பாடத்தைக் கேட்கும்போதே ஒவ்வொருவருக்கும் தனக்குத் தெரிந்த ஒரு பையனின் முகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதிலிருந்து கேள்வி பிறக்கிறது. ஆண்டுதோறும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன். பரீட்சை அவசரத்தில் இருப்பவர்கள் பெயர்களையும் ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லாதவர்கள் 4ஆம் கேள்வியில் கொஞ்சம் நின்று போங்கள்.

1. சூழல்தான் காரணம் என்றால், லயத்தில் பிறந்தவன் எல்லாம் கெட்டுப்போவான் என்கிறீர்களா டீச்சர்?

இல்லை. (லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசைக் குடியிருப்பு. அதன் ஒவ்வொரு அறையும் ஒரு காம்பிரா.) குற்றத்துக்குச் சூழலைக் காரணம் காட்டும் கோட்பாடுகள் மீது வரும் கோபத்தில் பாதி இந்த ஒரு குழப்பத்தால் வருவது. ஒரு பகுதியில் குற்றம் ஏன் அடிக்கடி நடக்கிறது என்பது ஒரு கேள்வி. ஒருவன் ஏன் குற்றம் செய்தான் என்பது வேறு கேள்வி. மலைப்பாதையில் ஒரே வளைவில் வண்டிகள் அடிக்கடி கவிழ்ந்தால் அந்த வளைவில் ஏதோ கோளாறு என்று சொல்லலாம். அந்த வழியே போகும் சாரதிகள் எல்லோரும் குடிகாரர்கள் என்று சொல்ல முடியாது.

குற்றம் மலிந்த பகுதி என்று பெயர் வாங்கிய இடத்திலும் பெரும்பாலான பிள்ளைகள் பொலிஸ் நிலைய வாசலை மிதிக்காமலே வளர்ந்து ஆளாகிறார்கள். சூழலை மட்டும் பேசும் கோட்பாட்டால் இதை விளக்க முடியாது. அதனால்தான் கற்றலைப் பற்றிப் பேசியவர்களும் தேவைப்பட்டார்கள். அவர்கள் 7ஆம் கேள்வியிலிருந்து வருகிறார்கள்.

2. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் சிகாகோ, சிகாகோ என்கிறார்களே, அங்கே அப்படி என்ன நடந்தது?

1890இல் சுமார் 11 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் அது. 1930இல் 33 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கப்பலில் வந்து இறங்கிய ஐரோப்பிய ஏழைகள் முதலில் தங்கிய இடம், நகர மையத்தை ஒட்டித் தொழிற்சாலைகளும் பாழடைந்த வாடகை வீடுகளும் கலந்து கிடந்த வளையம். ஏர்னெஸ்ட் பேர்ஜஸ் 1925இல் நகரத்தை வளையம் வளையமாக வரைந்து காட்டியபோது இந்தப் பகுதியை மாறிக்கொண்டே இருக்கும் வளையம் என்று தனியாகக் குறித்தார். கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் அங்கிருந்து வெளியேறிவிடுவார்கள். அந்த இடத்துக்குப் புதியவர்கள் வருவார்கள்.

கிளிஃபோர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும் சிறுவர் நீதிமன்றப் பதிவேடுகளை எடுத்து, வழக்கில் வந்த ஒவ்வொரு பையனின் முகவரியையும் வரைபடத்தில் குறித்தார்கள். 1900–1906, 1917–1923, 1927–1933 என்று மூன்று காலகட்டங்கள். 1942இல் நூலாக வந்த அந்த வேலையின் முடிவு இதுதான்: ஆட்கள் மாறினார்கள், வரைபடம் மாறவில்லை. முதலில் ஜேர்மனியரும் ஐரிஷ்காரரும், பிறகு போலந்துக்காரரும் இத்தாலியரும் அதே தெருக்களில் குடியிருந்தார்கள். யார் இருந்தாலும் அந்த வளையத்தில் சிறுவர் குற்ற விகிதம் உயர்ந்தே இருந்தது. அங்கிருந்து வெளியே குடிபோனவர்களிடையே அது இறங்கியது. ஆகவே இரத்தம், இனம், பிறவிக் குணம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. "தோட்டத்து ஆட்கள் என்றாலே அப்படித்தான்" என்று பஸ்ஸில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பதில் இந்தப் பழைய வரைபடத்திலேயே இருக்கிறது.

3. சுற்றிவளைப்பானேன்? வறுமைதானே காரணம்?

வறுமைக்குப் பங்குண்டு. ஆனால் ஷாவும் மெக்கேயும் அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: ஆட்கள் அடிக்கடி குடிபெயர்வது, மொழியும் வழக்கமும் வேறுபட்டவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் அருகருகே வாழ்வது. இந்த மூன்றும் சேர்ந்தால், பிள்ளைகளை யார் கவனிப்பது என்ற பொறுப்பு யார் கையிலும் இல்லாமல் போகிறது. இந்த நிலையைத்தான் பாடப்புத்தகம் சமூக ஒழுங்குக் குலைவு என்கிறது. வறுமை நேராகப் போய்க் கத்தியை எடுப்பதில்லை.

நடுவில் இருக்கும் அந்தக் கண்ணியை 1989இல் ரொபர்ட் சாம்சனும் பைரன் குரோவ்ஸும் பிரித்தானியாவின் 238 பகுதிகளின் தரவைக் கொண்டு சோதித்தார்கள். அயலில் நட்பு இருக்கிறதா, பெரியவர் கண் படாமல் திரியும் இளைஞர் கூட்டம் உண்டா, சங்கம் சபைகளில் ஆட்கள் பங்கெடுக்கிறார்களா என்று பார்த்தார்கள். வறுமையின் விளைவில் பெரும் பகுதி இந்த மூன்றின் வழியாகவே குற்றத்தைப் போய்ச் சேர்ந்தது. ஏழையாக இருந்தும் அமைதியாக இருக்கும் ஊர்கள் ஏன் உண்டு என்பதற்கு விடையும் இதில் இருக்கிறது.

4. லயத்தில் ஒரு காம்பிராவில் தும்மினால் அடுத்த காம்பிராவில் கேட்கும். எல்லோரும் சொந்தக்காரர். எங்களைப் போய் ஒழுங்கு குலைந்த சமூகம் என்பதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு அன்றே முழுப் புள்ளி போட்டேன். சிகாகோவின் அந்த வளையம் அந்நியர்களின் இடம். லயம் அதற்கு நேர் எதிர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. திருவிழாவுக்கு வரி, காமன் கூத்துக்கு வேடம், மரணத்துக்குத் தோள் என்று எல்லாம் பொதுவில் நடக்கின்றன. நெருக்கடியான ஏழைக் குடியிருப்பு என்றாலே ஒழுங்கற்றது என்ற எண்ணத்தை 1943இலேயே வில்லியம் ஃபூட் வைட் மறுத்திருக்கிறார். பொஸ்டனின் இத்தாலியர் குடியிருப்பில் தங்கிப் பார்த்த அவர், அங்கே ஒழுங்கு இருக்கிறது, அது வெளி உலகத்தின் ஒழுங்கோடு பொருந்தாமல் நிற்கிறது, அவ்வளவுதான் என்றார்.

எங்களுக்கு உதவக்கூடியது ரொபர்ட் பேர்சிக்கும் ஹரல்ட் கிராஸ்மிக்கும் 1993இல் சொன்னது. கட்டுப்பாடு மூன்று படிகளில் நடக்கிறது: வீட்டுக்குள், அயலுக்குள், அயலிலிருந்து மேலே அதிகாரத்தை நோக்கி. தோட்டத்தில் முதல் இரண்டும் இறுக்கமாகவே இருந்தன. மூன்றாவதுதான் இல்லை. அது தற்செயலாக இல்லாமல் போகவும் இல்லை. கங்காணி காலத்திலிருந்து எந்த விடயமும் தோட்ட நிர்வாகத்தின் வழியாகத்தான் வெளியே போயிற்று. பிறகு தோட்டத் தலைவர், தொழிற்சங்கம், அதன் மாவட்டக் காரியாலயம் என்று வழி கொஞ்சம் அகலமானது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானவர்களின் குடியுரிமையைப் பறித்தது. பிரஜையே இல்லாதவர் எந்தச் சபையில் எதைக் கேட்பது? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். பாதைக்கு விளக்கு, பிள்ளைகளுக்கு மைதானம், பாலத்துக்குக் கம்பி, எல்லாவற்றுக்கும் இதே கதை.

இப்போது கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்பவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் யார் என்று தெரியாதவர் அந்த லயத்தில் இல்லை. தெரிந்ததை எங்கே கொண்டுபோவது என்பதுதான் சிக்கல். முறைப்பாடு செய்தவரின் பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம் இருக்கிறது. வந்தால் இரவில் தகரத்தில் கல் விழும். அடுத்த முறை அவர் வாயைத் திறக்கமாட்டார். இந்த மௌனத்தைப் பார்த்து "கட்டுப்பாடில்லாத சனம்" என்று எழுதும் ஆய்வேடுகளுக்கு நான் புள்ளி போடுவதில்லை. "இருநூறு வருடமாக ஒரே இடத்தில் இருக்கிறோம், குடிபெயர்வு எங்கே?" என்று இன்னும் சிலர் கேட்பார்கள். 1964ஆம் ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. எத்தனை லயங்களில் அண்ணன் போய்த் தம்பி நின்றான் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1977, 1983 வன்முறைகள் இன்னும் பலரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் தள்ளின. இப்போது கொழும்புக் கடைகளும் வளைகுடா வீடுகளும் ஆட்களை இழுக்கின்றன.

5. கூட்டுத் திறன் என்று ஒன்று பாடத்தில் வருகிறது. அது சிரமதானம் மாதிரியா?

சிரமதானம் ஒரு நாள் வேலை. இது அன்றாடம் இருக்கும் ஒரு நம்பிக்கை. சாம்சன், ஸ்டீபன் ரௌடன்புஷ், ஃபெல்டன் ஏர்ல்ஸ் மூவரும் சிகாகோவின் 343 அயல்களில் 8,782 பேரிடம் கேட்டு 1997இல் வெளியிட்டார்கள். கேள்விகள் மிகச் சாதாரணமானவை. பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நிற்கும் பிள்ளையை அயலவர் யாராவது கேட்பாரா? பெரியவரை ஒரு பிள்ளை மரியாதையின்றிப் பேசினால்? வீட்டு வாசலில் அடிதடி நடந்தால்? பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தை மூடப்போகிறார்கள் என்றால் திரண்டு கேட்பீர்களா? இவற்றோடு, இங்கே உள்ளவர்களை நம்பலாமா என்றும் கேட்டார்கள். நம்பிக்கையும் தலையிடும் மனமும் சேர்ந்திருந்த அயல்களில், வறுமை ஒரே அளவாக இருந்தும் வன்முறை குறைவாக இருந்தது.

தோட்டத்தில் இதையே இப்படிக் கேட்கலாம்: பாடசாலை நேரத்தில் பிரட்டுக்களத்துப் (காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்) பக்கம் பையன்கள் நின்றால், அவ்வழியே கொழுந்துக்குப் போகும் அக்கா நின்று கேட்பாரா? பல இடங்களில் கேட்பார். ஆனால் அந்தப் பையன் "மேல் லயத்துப் பிள்ளை" என்றாலோ, அவன் அப்பா வேறு சங்கம் என்றாலோ, கேட்க வந்த வாய் மூடிக்கொள்கிறது. சாதியும் இதற்குள் இருக்கிறது. இல்லை என்று சொல்பவர்கள் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிவது வேறு, எல்லோரும் எல்லோர் பிள்ளைக்கும் பொறுப்பு என்று நினைப்பது வேறு.

6. உடைந்த ஜன்னலைச் சரிசெய்தால் குற்றம் குறையும் என்று படித்தேன். லயங்களுக்கு வெள்ளையடித்தால் போதுமா?

ஜேம்ஸ் வில்சனும் ஜோர்ஜ் கெலிங்கும் 1982இல் ஒரு சஞ்சிகையில் எழுதியது அது. உடைந்த ஜன்னலை அப்படியே விட்டால், இங்கே கேட்க ஆளில்லை என்று அது சொல்லும், பிறகு பெரிய குற்றமும் வரும் என்பது வாதம். சாம்சனும் ரௌடன்புஷும் 1999இல் சிகாகோத் தெருக்களைப் படம்பிடித்துப் பார்த்து, அலங்கோலமும் குற்றமும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வருபவை, ஒன்று மற்றதைப் பிறப்பிப்பதில்லை என்றார்கள். வெள்ளையடிப்பது சுவருக்கு நல்லது.

7. திருடுவதற்கு யாரும் வகுப்பு வைப்பதில்லையே. குற்றத்தை எப்படிக் கற்பது?

எட்வின் சதர்லாந்து 1939இல் முன்வைத்து, 1947இல் ஒன்பது கூற்றுகளாகத் தீர்த்து எழுதியது இதற்கான பதில். மற்ற நடத்தைகளை எப்படிக் கற்கிறோமோ அப்படியே குற்றத்தையும் கற்கிறோம், அதுவும் நெருங்கிய ஆட்களுடன் பேசிப் பழகுவதன் மூலம் கற்கிறோம் என்றார் அவர். கற்பது இரண்டு: செய்யும் முறை, செய்வது சரிதான் என்று சொல்லும் மனப்பாங்கு.

பொகவந்தலாவைப் பக்கம் ஆற்றோரத்தில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாணிக்கக்கல் தோண்டுவதை நினைத்துப் பாருங்கள். இல்லம் (கல் கிடக்கும் சரளை மண்) எந்த ஆழத்தில் கிடக்கும், கூடையில் எப்படி அலசுவது, மண்ணை எங்கே கொட்டினால் தெரியாது, கல்லை யாரிடம் காட்டலாம் என்பதெல்லாம் ஒரு இரவில் வரும் அறிவல்ல. மாமனோ சித்தப்பாவோ கூட்டிக்கொண்டு போய்ப் பழக்க வேண்டும். அவர் பழக்கும்போதே "ஆறு யாருக்கு எழுதி வைத்த சொத்து?" என்ற வசனத்தையும் சேர்த்தே பழக்குகிறார். சதர்லாந்துக்கு முக்கியம் இந்த இரண்டாவதுதான். சட்டத்தை மீறலாம் என்று சொல்லும் கருத்துகள், மீறக்கூடாது என்று சொல்லும் கருத்துகளைவிட ஒருவனிடம் மிஞ்சிவிட்டால் அவன் அந்தப் பக்கம் சாய்கிறான்.

8. 'சேரிடம் அறிந்து சேர்' என்று சின்ன வயதிலேயே படித்துவிட்டோம். இதில் சதர்லாந்து புதிதாக என்ன சொன்னார்?

இரண்டு சொன்னார். ஒன்று, எல்லாச் சேர்க்கையும் ஒரே எடை அல்ல. எத்தனை முறை, எவ்வளவு காலம், எந்த வயதில் தொடங்கி, எவ்வளவு மதிப்பு வைத்தவரோடு என்ற நான்கையும் பார்க்க வேண்டும். பத்து வயதில் மாமாவோடு ஆற்றுக்குப் போனவனும், இருபத்தைந்து வயதில் கொழும்பில் ஒரு கூட்டாளியைச் சந்தித்தவனும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள்.

மற்றது, ஆள் கெட்டவனா நல்லவனா என்பதைவிட, அவன் வாயிலிருந்து வரும் கருத்து எது என்பதே முக்கியம். நாள் முழுதும் கைதிகளோடு இருக்கும் சிறைக்காவலர் கைதியாக மாறுவதில்லை. மறுபக்கம், ஒரு குண்டூசியும் திருடாத அப்பா சாப்பாட்டு நேரத்தில் "பிடிபடாமல் இருந்தால் எல்லாம் சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், பிள்ளை நல்லவரிடமிருந்தே தவறான பாடத்தைப் படிக்கிறான்.

9. அடித்து வளர்த்தால் பிள்ளை தப்பாது என்று என் மாமியார் சொல்கிறார். கற்றல் கோட்பாடும் தண்டனையைப் பற்றித்தானே பேசுகிறது?

பேசுகிறது, ஆனால் உங்கள் அத்தை நினைக்கும் விதத்தில் அல்ல. சதர்லாந்து கற்கிறோம் என்றார், எந்த இயக்கத்தால் கற்கிறோம் என்று விளக்கவில்லை. அந்தக் குறையை ரொபர்ட் பேர்ஜஸும் ரொனால்ட் ஏக்கர்ஸும் 1966இல் நிரப்ப முனைந்தார்கள் (இவர் 2ஆம் பதிலில் வந்த பேர்ஜஸ் அல்ல, பரீட்சைத் தாளில் இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள்). ஏக்கர்ஸ் பிறகு அதை நான்கு அம்சங்களாக விரித்தார்: சேர்க்கை, மனப்பாங்கு, பலனும் தண்டனையும், பார்த்துச் செய்தல். ஒரு செயலுக்குப் பிறகு கிடைப்பது இனித்தால் செயல் திரும்ப வரும், கசந்தால் குறையும். கிடைப்பது பணமாக இருக்க வேண்டியதில்லை. கூட்டாளிகளின் ஒரு சிரிப்புப் போதும். சாராயம் வாங்கக் கடைக்கு அனுப்பப்படும் சிறுவனுக்கு மீதிச் சில்லறையும் "கெட்டிக்காரன்டா" என்ற பட்டமும் கிடைக்கின்றன. பாடசாலையில் அவனை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அடியும் ஒரு பாடம்தான். அல்பேர்ட் பண்டுரா 1961இல் 72 சிறுவர்களை வைத்துச் செய்த சோதனையில், பெரியவர் ஒரு பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே அடியை, அதே வார்த்தைகளோடு திருப்பிச் செய்தார்கள். வீட்டில் அடி வாங்கும் பிள்ளை, பலம் உள்ளவன் அடிக்கலாம் என்பதையும், அடுத்த முறை எப்படி மறைப்பது என்பதையும் சேர்த்தே கற்கிறது. இதை அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

10. பிடிபட்டவன் எவனும் குற்ற உணர்வோடு நிற்பதில்லை. 'நான் மட்டுமா செய்தேன்' என்கிறான். இவர்களுக்கு மனச்சாட்சியே கிடையாதா?

மனச்சாட்சி இருப்பதால்தான் சமாதானம் தேவைப்படுகிறது என்றார்கள் கிரஷம் சைக்ஸும் டேவிட் மட்சாவும், 1957இல். அவர்கள் ஐந்து சமாதானங்களைப் பிரித்தார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் அவை இப்படி வரும். பொறுப்பை மறுப்பது: "குடி பேசியது, நானல்ல." பாதிப்பை மறுப்பது: "இவ்வளவு பெரிய தோட்டத்தில் இரண்டு விறகு போனால் என்ன?" பாதிக்கப்பட்டவரை மறுப்பது: "அவனுக்கு அது வேண்டும்." கண்டிப்பவரைக் கண்டிப்பது: "நீங்கள் எல்லோரும் யோக்கியமா?" மேலான கடமையைக் காட்டுவது: "கூட்டாளியை விட்டுவிட்டு ஓடவா?"

எங்கள் சூழலில் ஒரு சிக்கல் உண்டு. இவற்றில் சில வசனங்கள் பாதி உண்மையானவை. கொழுந்து நிறுக்கும்போது கழிக்கப்படும் கிலோவை நினைத்துக்கொண்டு "அவர்கள் எடுக்கவில்லையா?" என்று கேட்பவனுக்கு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. வசனம் பொய் என்று கோட்பாடு சொல்லவில்லை. செயலுக்கு முன்பே அது மனத்தடையை விலக்கிவிடுகிறது என்றே சொல்கிறது. இதிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது: தோட்டத் துரைக்கு எதிராகப் பிறந்த அதே வசனம், அடுத்த காம்பிராவில் தோடு திருடியவன் வாயிலும் வந்துவிடுகிறது.

11. கெட்ட கூட்டாளிகள் அவனைக் கெடுத்தார்களா, அவனாகவே அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போனானா?

கற்றல் கோட்பாட்டைக் கடைசிவரை விடாமல் துரத்தும் கேள்வி இது. ஷெல்டன், எலினோர் கிளூக் தம்பதியர் 1950இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டி, ஓர் இனப் பறவைகள் ஒன்று சேர்கின்றன, அவ்வளவுதான் என்று வாதிட்டார்கள். குணம் முதலில், கூட்டம் பிறகு. பின்னால் ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இரண்டும் நடப்பதைக் கண்டன: கொஞ்சம் பிசகியவன் தன்னைப் போன்றவர்களைத் தேடுகிறான், சேர்ந்த பிறகு இன்னும் பிசகுகிறான்.

லயத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு ஐயம் எப்போதும் உண்டு. தேர்ந்தெடுக்க ஆள் வேண்டுமல்லவா? ஒரு பிரிவில் அவன் வயதுப் பையன்களே ஏழெட்டுப் பேர்தான் என்றால், தேடிப் போவதற்கு இடம் எங்கே? பெரிய நகரத்தில் பிறந்த வாதம் இது. சின்னக் குடியிருப்பில் கூட்டாளிகளைத் தருவது இடம்தான்.

12. ஒரே காம்பிரா, ஒரே அம்மா அப்பா. அண்ணன் ஆசிரியர், தம்பி விளக்கமறியலில். இதற்கு உங்கள் கோட்பாடு என்ன சொல்லும்?

ஒரே வீடு என்றாலும் ஒரே சேர்க்கை அல்ல. 8ஆம் பதிலின் நான்கு எடைகளையும் இருவருக்கும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். அதோடு டிராவிஸ் ஹேர்ஷி 1969இல் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஏன் செய்தான் என்று கேட்காதே, மற்றவர்கள் ஏன் செய்யவில்லை என்று கேள் என்றார். அன்புக்குரியவர், இழப்பதற்கு ஒரு எதிர்காலம், நேரத்தை நிரப்பும் வேலை, சட்டத்தின் மீது நம்பிக்கை ஆகிய நான்கு கயிறுகள் ஒருவனைக் கட்டி நிறுத்துகின்றன. உயர்தரம் சித்தியடைந்து கல்வியியல் கல்லூரிக்குக் கடிதம் வந்த அண்ணனுக்கு இழப்பதற்கு ஒன்று இருந்தது.

வோல்டர் ரெக்லஸும் அவர் தோழர்களும் 1956இல் ஒஹையோவின் கொலம்பஸ் நகரில், குற்றம் மிகுந்த பகுதிகளில் வாழ்ந்தும் வழி தவறமாட்டார்கள் என்று ஆசிரியர்கள் கருதிய 12 வயதுப் பையன்களைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தங்களைப் பற்றி நல்ல எண்ணம் இருந்தது. அதுவே காப்பு என்றார் ரெக்லஸ். ஆசிரியர் நல்லவன் என்று நினைத்ததாலேயே அந்த எண்ணம் வளர்ந்ததா என்ற கேள்வியை அவர் போதிய அளவு கேட்கவில்லை என்பது என் கருத்து. தோட்டப் பாடசாலையில் பெயர்ப்பட்டியலைப் பார்த்தே "இவன் தம்பியா நீ?" என்று கேட்கும் வழக்கம் நமக்குத் தெரியாததா?

13. பொலிஸ் கணக்கில் எங்கள் பகுதி கறுப்புப் புள்ளி. அப்படியானால் அது உண்மைதானே?

பொலிஸ் கணக்கு குற்றத்தை எண்ணுவதில்லை. பதிவான முறைப்பாட்டை எண்ணுகிறது. தோட்டத்தில் சிறு களவு தலைவரிடமோ அலுவலகத்திலோ தீர்ந்துவிடலாம். மனைவியை அடிப்பது பெரும்பாலும் எங்கேயும் போவதில்லை. அதே நேரம் சந்தியில் ரோந்து நின்றால், சந்தியில் நிற்கும் பையன்கள் கணக்கில் ஏறுவார்கள். பங்களா வரவேற்பறையில் குடிப்பவர் ஏறமாட்டார். ஷா, மெக்கேயின் வரைபடத்துக்கும் இதே குறை சொல்லப்பட்டது.

ஹவார்ட் பெக்கர் 1963இல் சொன்னதையும் சேருங்கள்: முத்திரை குத்தப்பட்டவன் அந்த முத்திரைக்கு ஏற்ப வாழத் தள்ளப்படுகிறான். 2018ஆம் ஆண்டுத் திருத்தம் இலங்கையில் குற்றப்பொறுப்பு வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தியது இந்தக் கோணத்தில் பெரிய விடயம். ஊரார் குத்தும் முத்திரைக்கு வயதெல்லை போடத்தான் எந்தச் சட்டத்தாலும் முடியாது.

14. ஏழைகளின் குற்றத்தை மட்டும் ஏன் ஆராய்கிறார்கள்?

இதே கேள்வியைத் தன் சகபாடிகளிடம் கேட்டவர் நம் 7ஆம் கேள்வியின் சதர்லாந்துதான். 1949இல் அவர் அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்களுக்கு எதிரான 980 தீர்ப்புகளையும் தீர்மானங்களையும் தொகுத்தார். பதிப்பகம் வழக்குக்குப் பயந்து நிறுவனங்களின் பெயர்களை நீக்கவைத்தது. பெயர்களோடு முழுப் பதிப்பு வந்தது 1983இல். அந்த மேலாளர்கள் சிதைந்த வளையத்தில் வளர்ந்தவர்கள் அல்லர். ஆனாலும் அலுவலகத்துக்குள் மூத்தவரிடமிருந்து முறையையும் மனப்பாங்கையும் கற்றார்கள். வறுமையால் விளக்க முடியாததைக் கற்றலால் விளக்க முடிகிறது என்பதே அவர் வாதத்தின் பலம்.

உள்ளூர் உதாரணம் தேடி அலைய வேண்டாம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படுகிறது, தொழில்தருநர் 12 வீதம் சேர்க்க வேண்டும். கழித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அதைக் களவு என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? "நிலுவை" என்பார்கள். 10ஆம் பதிலில் உள்ள ஐந்து சமாதானங்களும் கோட்டு சூட்டோடு வருவதை அங்கே பார்க்கலாம்.

15. லயத்தை உடைத்து எல்லோருக்கும் தனி வீடு கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

தனி வீடு வேண்டும். அதற்குக் குற்றம் ஒரு காரணமாக இருக்கத் தேவையில்லை. மனிதர் மனிதராக வாழ அது வேண்டும். இடம் மாறினால் குற்றம் மாறுமா என்ற கேள்விக்கு ஒரு பெரிய சோதனையே உண்டு. 1994 முதல் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், ஏழ்மை மிகுந்த அரச குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஏழ்மை குறைந்த பகுதிக்குப் போக வாடகை உதவி கொடுத்தார்கள். பெண் பிள்ளைகள் ஓரளவு நன்றாக இருந்தார்கள். வன்முறைக்காகக் கைதாவது குறைந்தது. பையன்களிடம் சில ஆண்டுகளில் சொத்துக் குற்றக் கைதுகள் கூடின. மிகச் சின்ன வயதில் போன பிள்ளைகள் வளர்ந்த பிறகு கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. எதிர்பார்த்த நேர்கோடு வரவில்லை.

7 பேர்ச் காணியில் வீடு கட்டிக் கொடுக்கும்போது யாரோடு யார் பக்கத்தில் போகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய லயத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பாட்டி மூன்று மலைக்கு அப்பால் போய்விட்டால், அந்தத் தாய்க்குச் சுவர் கிடைத்தது, கண் போய்விட்டது. திட்ட வரைபடத்தில் இதற்கு ஒரு பத்தி இல்லை. நான் இருந்தால் போடுவேன்.

16. இப்போது எல்லாம் கையடக்கத் தொலைபேசியில்தானே? அயல், லயம் என்று பேசுவதே பழங்கதை இல்லையா?

பாதி சரி. சதர்லாந்து நேரடிப் பழக்கத்தை அழுத்தினார். ஏக்கர்ஸ் பார்த்துச் செய்வதைச் சேர்த்ததால் திரையும் உள்ளே வர இடமிருக்கிறது. ஆனால் தொலைபேசியில் பார்த்ததைச் செய்து பார்ப்பது எங்கே? ஐஸ் என்ற போதைப்பொருளின் பெயரைத் திரையில் தெரிந்துகொள்ளலாம். கையில் கொடுப்பது தெரிந்த ஒருவன். அந்த ஒருவன் நிற்கும் சந்தி இன்னும் ஒரு இடம்தான்.

17. ஆய்வேட்டுக்கு எங்கள் தோட்டத்தையே எடுக்கலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

எடுக்கலாம். முதலில் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் மறைத்துவிடுங்கள். 13ஆம் பதிலில் உள்ள முத்திரை உங்கள் கையாலும் விழலாம். பகுதி விகிதத்தை வைத்துத் தனி ஆளைப் பற்றி முடிவெழுதாதீர்கள். 1950இலேயே வில்லியம் ரொபின்சன் எண்களால் காட்டிய தவறு அது. 1ஆம் பதிலில் வளைவும் சாரதியும் என்று சொன்னதும் அதையே. பொலிஸ் பதிவோடு நின்றுவிடாமல், தலைவரிடம் தீர்ந்தவை, கோயில் கமிட்டியில் தீர்ந்தவை, தீராமல் விட்டவை என்று மூன்றையும் கேளுங்கள். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும், கணவர் வேலைக்குப் போன நேரத்தில்.

அனுமதியைத் தோட்ட அலுவலகத்திடம் மட்டும் வாங்கிக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தால் நீங்கள் அலுவலகத்து ஆள் ஆகிவிடுவீர்கள். இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போதும் வாயிலிருந்து வருவது அலுவலகத்துக்கான பதிலாகவே இருக்கும். தேடிய அளவு குற்றம் கிடைக்காவிட்டால் இடத்தை மாற்றாதீர்கள். மேற்பார்வையாளர் "ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டால், 5ஆம் பதிலில் உள்ள கேள்விகளை லயம் லயமாகக் கேட்டு, வந்த விடைகளை அவர் முன் வையுங்கள்.